டைரக்டரிடம் நான் சொன்னது

பிரிசி,

நீ உன் அப்பாவோடு தாம்பரத்துக்குக் குளிர் ஜாக்கெட் வாங்கப் போயிருக்கிறாய். எனக்கு இன்று வீக் ஆஃப். நீங்கள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி உன் கைப்பையில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசலாம்தான். பேசித்தான் பார்த்தோமே. ஒவ்வொரு தடவையும் நீ அழுதாய், நான் கத்தினேன், உன் அப்பா நடுவில் வந்து "உடுங்கோ, உடுங்கோ, ஊருக்குப் போற நேரத்துல இன்னா பேஜாரு இது" என்று டி.வி.யைச் சத்தமாக வைத்தார். அதனால் எழுதுகிறேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு பிரித்துப் படி. அங்கே நடுவில் யாரும் வரமாட்டார்கள்.

நீ கொரியாவுக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள் மகள், தலைமை ஆபீசுக்கே வேலைக்குப் போகிறாள் என்று முடிச்சூர் ரோட்டில் எல்லாரும் பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரத்தான் செய்கிறது. நீ காலேஜில் படித்த காலத்தில் எந்நேரமும் போனில் கொரிய சீரியல் பார்த்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாய். எத்தனை நாள் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அப்புறம் எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்கு உன்னை அழைத்துப் போனேன். நீ நேராக, எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வந்த கொரியாக்காரி யூனிடம் போய் அவள் மொழியில் வணக்கம் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்டாய். யூன் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் இது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கிண்டியில் வகுப்பில் சேர்த்தேன். நீ பாஸ் செய்ததும் ஹெச்.ஆர். சாரிடம் போய் நின்றேன். "இன்டர்பிரிட்டர் வேலைக்கு டெல்லியில இருந்து ஆள் எடுக்கறீங்களாமே சார். உள்ளூர்லயே என் பொண்ணு இருக்கா, அவளைப் பாருங்க" என்று கேட்டது நான்தான். உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததில் என் கையும் இருக்கிறது. மறக்கவில்லை.

கம்பெனியில் எங்கள் பிரிவைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருந்தாலும் நான் சொல்ல வருவது உனக்கு விளங்க வேண்டுமானால், அதை என் வாயிலிருந்து ஒருமுறை கேட்க வேண்டும். கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி. அதில் பக்கவாட்டில் காற்றுப்பை வைக்கிற சீட்டுக்குத் தையல் போடுகிற இடம் எங்கள் செக்‌ஷன். கார் மோதினால் பை வெடித்துத் திறக்கும். அப்போது அந்த இடத்துத் தையல் மட்டும் பிரிய வேண்டும். மற்ற எந்த நாளும் பிரியக் கூடாது. நூல் இழுவை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு உயிருக்கு ஆபத்து. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் யூனும் மற்றவர்களும் கொரியாவிலிருந்து வந்தார்கள். வந்த அன்றே பழைய மேனேஜர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: இவர்கள் வாத்தியார்கள், நீங்கள் கற்று முடித்ததும் இந்தப் பொறுப்பு உங்களுக்கு, அதற்கான சம்பளமும் உங்களுக்கு. நாங்கள் கைதட்டினோம். சம்பள ஒப்பந்தம் போடும்போதும் அதே பேச்சைச் சொன்னார்கள்.

கற்றுக்கொண்டோம். யூன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் வரவில்லை என்றால் எனக்கு இந்தத் தொழில் ஏது? வெளியூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் வரவே கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னவள் இல்லை. கொரோனா வந்தபோது அவர்கள் எல்லாரும் விமானம் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். கம்பெனி மறுபடி திறந்ததும் அந்தச் செக்‌ஷனை யார் ஓட்டினது? நானும் பக்கத்து மெஷின் தனலட்சுமியும் எங்களோடு இருந்தவர்களும்தான். குறை என்று ஒரு சீட்டும் திரும்பி வரவில்லை. அப்போது நீ வீட்டில் ஆன்லைன் கிளாஸில் இருந்தாய். நான் மாஸ்க் தழும்போடு வந்து விழுவேன், நீ டீ போட்டுத் தருவாய். "இன்னும் கொஞ்ச நாள்தான்மா, உனக்கு இன்சார்ஜ் போஸ்ட் குடுத்துடுவாங்க" என்று நீதான் சொன்னாய். நிலைமை சரியானதும் அவர்கள் திரும்பி வந்தார்கள். எங்களைப் பழையபடி மெஷினில் உட்காரச் சொன்னார்கள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். நாங்கள் இன்னும் தயாராகவில்லை என்று தலைமை ஆபீசுக்கு ரிப்போர்ட் போயிருப்பதாகவும் காதில் விழுந்தது. இந்தப் பக்கம், புதிதாக ஆள் எடுக்க வேண்டிய இடத்தில் ஏஜென்சி மூலமாக ஜார்க்கண்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து ஹாஸ்டலில் வைத்து, எங்கள் சம்பளத்துக்கும் கீழே கொடுத்தார்கள். மேலே போகிற வழியில் ஒரு கூட்டம், கீழே நிற்கிற இடத்தில் ஒரு கூட்டம், நடுவில் நாங்கள். அந்தப் பிள்ளைகள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அதுகள் வீட்டை நினைத்துப் பாத்ரூமில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் எதற்காகக் கூட்டி வருகிறார் என்பதுதான் என் கேள்வி. இல்லாத திறமைக்காகவா, இருக்கிற சம்பளத்தைக் குறைக்கவா?

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பொங்கல் முடிந்து தலைமை ஆபீஸ் டைரக்டர் வருகிறார் என்றதும் நேரம் கேட்டோம். கிடைத்தது. பேசுவதற்கு என்னை அனுப்புவதாக எல்லாரும் சொன்னார்கள். தனலட்சுமிதான் ஆரம்பித்து வைத்தாள். "அக்காவுக்குத்தான் நிதானம் கீது. நானு போனா வாய் நீண்டுபூடும்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் இதே மேசையில் உன்னை உட்கார வைத்து, என்ன பேசப்போகிறேன் என்று முழுவதும் சொல்லிக் காட்டினேன். நினைவிருக்கிறதா? "நீளமா இருக்கா பாப்பா?" என்று கேட்டேன். "இல்லம்மா, நல்லா இருக்கு. அப்படியே பேசு" என்றாய். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாய், மூச்சு விட்டால்தான் உனக்குச் சொல்லச் சௌகரியம் என்று. அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

மீட்டிங் நடந்த அந்த அறைக்குள் யாருக்கு எது புரியும் என்பதைப் பல நாள் கழித்துத்தான் யோசித்தேன். டைரக்டருக்கும் பிளான்ட் மேனேஜருக்கும் தமிழ் தெரியாது. எங்களுக்கும் ஹெச்.ஆர். சாருக்கும் கொரிய மொழி தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நீ ஒருத்தி. பின்வரிசையில் யூன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஃப்ளோரில் பழகிய கொஞ்சம் தமிழ் உண்டு என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. டைரக்டர் முதலில் பேசினார். நீ எங்களைப் பார்த்துச் சொன்னாய்: "இந்தச் செக்‌ஷனை நடத்தற அளவுக்கு இங்க இருக்கறவங்க இன்னும் தயாராகலன்னு எங்களுக்கு ரிப்போர்ட் வந்திருக்கு. அதனால மூணு வருஷத்துக்குப் புதுசா ஆள் அனுப்பறதா இருக்கோம். நீங்க தொடர்ந்து ஒத்துழைக்கணும்." குரல் பிசகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். என் மகள் வாயால் நான் லாயக்கில்லாதவள் என்று கேட்டேன். வலித்தது. ஆனாலும் உன்மேல் ஒரு துளி கோபம் வரவில்லை, பிரிசி. உன் வேலை அது. அவர் சொன்னதை அப்படியே சொன்னாய். என் மகள் நேர்மையாக வேலை செய்கிறாள் என்றுகூட அந்த நிமிடத்தில் நினைத்தேன்.

பிறகு நான் எழுந்து பேசினேன். "சார், எங்களுக்குச் சொல்லிக்குடுக்க வந்தவங்க நல்லாவே சொல்லிக்குடுத்து முடிச்சுட்டாங்க. கொரோனாவுல அவங்க யாரும் இல்லாதப்ப இந்தச் செக்‌ஷன் எப்படி ஓடுச்சுன்னு கேட்டுப் பாருங்க. அந்த ரிப்போர்ட் குடுத்தவர் எங்க செக்‌ஷன்ல ஒரு நாள்கூட நின்னதில்ல. வந்தவங்களை விரட்டுங்கன்னு நாங்க கேக்கல. இனிமே வர்ற ஆளுக்குப் பதிலா எங்கள்ல ஒருத்தரை அந்த இடத்துல வைங்க. அந்த வேலைக்கு உண்டான சம்பளத்தைக் குடுங்க. நீங்க குடுத்த வாக்கு அது." இதுதான் நான் சொன்னது. நீ சொன்ன இடத்தில் மூச்சும் விட்டேன்.

நீ அவர் பக்கம் திரும்பிப் பேசினாய். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து, எனக்குக் கொஞ்சம் குனிந்து வணக்கம் சொன்னார். ஏதோ பேசினார். "ரொம்ப சந்தோஷம், நல்லபடியா யோசிக்கறேன்னு சொல்றார்" என்றாய். வெளியே வந்ததும் தனலட்சுமி என்னைக் கட்டிக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் படப்பை வரைக்கும் ஒரே பேச்சு, அவர் எப்படிக் குனிந்தார், எப்படிச் சிரித்தார் என்று. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்றோம். அன்று நான் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தேன். நீ ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாய். பிரிசி, இதை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. நீ அந்த மைசூர்பாகைச் சாப்பிட்டாய்.

அப்புறம் என்ன நடந்தது என்பது உனக்கே தெரியும். மூன்று புது ஆட்கள் கொரியாவிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று நீதான் எங்களுக்கு விளக்கினாய். ஒப்பந்தத்தில் சொன்ன உயர்வைக் கேட்டபோது ஹெச்.ஆர். சார் சிரித்துக்கொண்டே, "நீங்களேதானம்மா இன்னும் கத்துக்கறோம்னு டைரக்டர்கிட்ட சொன்னீங்களாம். மேனேஜர் சொல்றார்" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். மேனேஜர்தான் பொய் சொல்கிறார் என்று எல்லாரும் நம்பினோம். நானும் நம்பினேன். உன்மேல் சந்தேகம் என்பது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று உன்னிடம் வந்து, "பாரேன், எவ்வளவு அழகா மாத்திப் பேசறாங்க" என்றேன். நீ தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். "அவங்க அப்படித்தாம்மா" என்றாய்.

யூனும் நானும் மாதத்துக்கு ஒருமுறை கோவளத்துக்கு மீன் வாங்கப் போவோமே, அப்படித் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை போனோம். அவள் மீனைப் பொறுக்குவாள், நான் பேரம் பேசுவேன். அன்று படகுப் பக்கம் போகாமல் மணலில் நின்றுவிட்டாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாள் சொல்லல" என்றாள். சொல் என்றேன். "மீட்டிங். நீங்க பேசினது வேற. பிரிசி பேசினது வேற." எனக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழில், கைவிரலை மடக்கி மடக்கி, நீ சொன்னதைச் சொன்னாள். "கம்பெனிக்கு நன்றி. டீச்சருங்களுக்கு நன்றி. நாங்க இன்னும் கத்துக்கணும். நல்லா வேலை செய்யறோம். இது பிரிசி பேசுச்சு. கொரோனா இல்ல. சம்பளம் இல்ல. வாக்கு இல்ல." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பாகக் கேட்டிருப்பாய் என்றேன். "என் பாஷை அக்கா. தப்பா கேக்காது" என்றாள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றேன். "பிரிசி சொல்லும்னு நினைச்சேன். உங்க பொண்ணு. அது சொல்லும்."

அன்றைக்கு மீன் வாங்கவில்லை. கேளம்பாக்கம் வழியாகத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் சீட் கிடைத்தது. வண்டலூரில் இறங்கும்போது இன்னொன்றும் சொன்னாள். எங்கள் பிரிவு தயார், தன்னை ஊருக்கு அனுப்புங்கள் என்று அவளே மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாளாம். அவள் அம்மா அங்கே தனியாக இருக்கிறார்களாம். அதையும் யாரும் காதில் வாங்கவில்லை. எந்த வெளிநாட்டுக்காரி உட்கார்ந்திருக்கும் இடத்தை நான் கேட்டேனோ, அவள்தான் என்னிடம் உண்மையைச் சொன்னாள். என் வயிற்றில் பிறந்தவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். நீ மறுக்கவில்லை. அதற்காகவாவது உனக்கு ஒரு மரியாதை. "அப்படியே சொல்லியிருந்தா உன்னை அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்கம்மா. உன்னை மட்டுமில்ல, எல்லாரையும். ரிப்போர்ட் பொய்னு அவர் முகத்துக்கு நேரா சொன்னா அவங்க ஊர்ல அது பேச்சு இல்ல, அவமானம். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது" என்றாய். சரி, இருக்கலாம். உனக்கு அவர்களைத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஏன் சொல்லவில்லை? இப்படிச் சொன்னால் கோபப்படுவார், வேறு மாதிரி சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேனே. அல்லது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அப்படியே பேசியிருப்பேன். எதுவாக இருந்தாலும் நான் முடிவு எடுத்திருப்பேன். "அந்த ரூமுக்குள்ள போனதும் பயந்துட்டேன்மா" என்றாய். அதுவும் சரி. பயம் யாருக்கு இல்லை? ஆனால் வெளியே வந்த பிறகு? பஸ்ஸில்? வீட்டில்? ஹெச்.ஆர். சார் சொன்னதை நான் வந்து சொன்ன அன்று? ஒரு தடவை பயந்தாய் என்றால் எனக்குப் புரியும். வாரக்கணக்கில் என்னை முட்டாளாக நடமாட விட்டாயே, அது பயம் இல்லை.

டைரக்டர் பேச்சை ஒரு சொல் பிசகாமல் எனக்குச் சொன்னாய். என் பேச்சை அவருக்குச் சொல்லும்போதுதான் உனக்குத் திருத்தம் தேவைப்பட்டது. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் கோபப்படுவார் என்று யோசித்தாய். நான் நொந்துபோவேன் என்று யோசிக்கவில்லை. ஒருவேளை அம்மாதானே, தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாயோ என்னவோ.

அதற்கு அடுத்த வாரம்தான் தலைமை ஆபீசில் உன்னைக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். கேட்டவர் அதே டைரக்டர். அந்த மீட்டிங்கில் நீ பேசிய விதம் அவருக்குப் பிடித்துப்போனதாம். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது" என்றாய். நான் நம்ப முயற்சி செய்கிறேன். சில நாள் நம்ப முடிகிறது. சில நாள் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது, என் வார்த்தையை விற்று டிக்கெட் எடுத்துவிட்டாள் என்று தோன்றும். தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். உன் அப்பா உன் பக்கம்தான். "அது இன்னா பண்ணும், புள்ள? ரெண்டு பக்கமும் மேளம் மாதிரி நடுவுல மாட்டிகினு கீது" என்கிறார். நீ மாட்டிக்கொண்டாய் என்பது உண்மை. அடி மட்டும் ஒரு பக்கம்தான் விழுந்தது.

மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தவித்தேன். சொன்னால் உன் பெயர் கெடும். சொல்லாவிட்டால் நீ செய்ததையே நானும் செய்தவளாவேன். ஈஸ்டர் முடிந்து சொன்னேன், கேன்டீனில், சாப்பாட்டுக்குப் பிறகு. தனலட்சுமி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்: "நெசமாவே உனக்கு அப்போ தெரியாதாக்கா? உன் வூட்டு பொண்ணுதானே." அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, வெள்ளத்தில் நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தன் வீட்டு மாடியில் நம் மூன்று பேரையும் வைத்துக்கொண்டவள். அன்றிலிருந்து பஸ்ஸில் அவள் முன் சீட்டுக்கு மாறிவிட்டாள்.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. மறுபடி மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை யூன் வந்து பேசட்டும் என்றார்கள். உன்னை வேண்டாம் என்று சொன்னபோது நீ முகம் சுருங்கி நின்றதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. மறுபடியும் நான்தான் பேசினேன், அதே வார்த்தைகளை. யூன் திருப்பிச் சொன்னாள். மேனேஜர் முகம் கறுத்தது. அப்போதுதான் என் வார்த்தைகள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பேச்சு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எதிரில் இருப்பவர் முகம் சொல்லிவிடும் என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். அவர் யூனிடம் ஏதோ கேட்டார். வெளியே வந்து யூன் சொன்னாள்: "உன் வேலைதானே அவங்க கேக்கறாங்க, நீயே வந்து பேசறியான்னு கேட்டார். ஆமா, நான் டீச்சர். ஸ்டூடன்ட் பாஸ், டீச்சர் வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன்."

யாரையும் வெளியே அனுப்பவில்லை. யூனின் இடத்தில் உள்ளூர் ஆள் ஒருத்தரைச் சோதனைக்கு வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். தனலட்சுமியை வைத்தார்கள். சொன்ன சம்பளம் இல்லை, ஆனாலும் முன்பைவிட மேல். புதிதாக வந்த மூன்று பேரும் அப்படியே இருக்கிறார்கள். யூன் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள். என்னை அந்தச் செக்‌ஷனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். இத்தனை வருடம் தைத்த கை இப்போது அட்டைப்பெட்டி ஒட்டுகிறது. நீ பயந்ததில் பாதி நடந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று நீ அன்று வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் கேள் கண்ணு. இந்தப் பேக்கிங் வேலை நான் பேசியதற்குக் கிடைத்தது. என் வாயிலிருந்து வந்ததற்கு எனக்குக் கிடைத்தது. அதனால் இதைச் சுமக்க முடிகிறது. அந்த டைரக்டர் குனிந்து சொன்ன வணக்கம் நான் பேசாததற்குக் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இனி நீ போகிற இடத்தைப் பற்றி. அங்கே நீதான் வெளிநாட்டு ஆள். உன் நாற்காலிக்கு ஆசைப்பட்ட அந்த ஊர்ப் பெண் ஒருத்தி அதே ஆபீசில் இருப்பாள். அவள் முறைத்தால் உடனே தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பக்கத்தில் உட்காருகிறவளுக்கு என்ன சம்பளம் என்று போன உடனே விசாரி. அதே வேலைக்கு அதே சம்பளத்தைக் கேள். குறைத்துக் கொடுத்தால், நம் ஊருக்கு இது பெரிய தொகையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளாதே. சிறுசேரியில் வேலை பார்க்கும் உன் தோழிகள் அப்படித்தான் சொல்வார்கள், முதலில் போய்ச் சேர், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று. நீ குறைத்து வாங்கினால் முதலில் அவள் சம்பளம் ஏறாமல் நிற்கும், பிறகு அவள் வேலைக்கு ஆபத்து வரும். கடைசியில் உன்னைவிடக் குறைவாகக் கேட்கிற இன்னொருத்தி வருவாள். நீ சரியான சம்பளத்தை வாங்கினால், உன்னை மலிவு என்பதற்காக எடுத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உன் திறமைக்காகத்தான் எடுத்தார்கள் என்று ஆகும். அதற்கு நீ தகுதியானவள். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

வேலையில் நீ மறுபடியும் இரண்டு பேருக்கு நடுவில் உட்காருவாய். அதுதான் உன் தொழில். என்னை மாதிரி ஒருத்தி எழுந்து பேசுவாள். அவள் அம்மாவாக இருக்கமாட்டாள், அதனால் உனக்குச் சுலபமாக இருக்கும். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் வெளியே கூட்டிப்போய், இப்படிப் பேசினால் இப்படி ஆகும் என்று அவளிடம் சொல். உள்ளே வந்துவிட்டால் அவள் சொன்னதைச் சொல். அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆட்டோ சத்தம் கேட்கிறது. வந்துவிட்டீர்கள். நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வருவேன், லீவு சொல்லிவிட்டேன். கட்டிப்பிடிப்பேன், ஜெபம் செய்து அனுப்புவேன், வழியில் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டித் தருவேன். நீ போய் இறங்கியதும் உன் சித்தியும் தோழிகளும் போனில் கேட்பார்கள், அம்மாவுக்கு இப்போது கோபம் தீர்ந்ததா என்று. உனக்கும் ஆமாம் என்று சொல்லிவிடத் தோன்றும். அம்மா மன்னித்துவிட்டாள் என்று யாரிடமும் எனக்காக நீ சொல்லாதே, பிரிசி. அதைச் சொல்லும் நாள் வந்தால், நானே சொல்வேன்.

அம்மா